'போதும்' என்று நீங்கள் பேர் வைத்த படம்

என் பிரியமான மன்னிக்கு,

தெருவில் சைக்கிள் மணி கேட்கிறது. அண்ணாவாக இருக்குமோ என்று ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். உங்களைத் தவிர வேறு யாரிடம் சொல்வேன்?

அண்ணா செகரட்டேரியட்டுக்குக் கிளம்பியதும், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாம் இருவரும் வரைவோமே, அந்தப் படங்களைப் பரண்மேல் வைத்திருந்தேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகியும் அண்ணா அவற்றைப் பார்த்ததில்லை. என்னோடு பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுக்கும் சாரதாம்மா, பெண்கள் வரைந்த படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தார். வீட்டுக்குள் நாம் படும் பாட்டை நாமே வரைந்து காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். என் படங்கள் இரண்டைக் கொடுத்தேன். உங்களுடையதையும், உங்கள் பேரிலேயே கொடுத்தேன்.

எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிறைமாதமாக ஒருத்தி அடுப்பின் முன்னால் நிற்கிறாள். இடுப்பில் ஒரு குழந்தை, புடவையை இழுத்தபடி இன்னொன்று. கீழே 'போதும்' என்று எழுதியிருந்தீர்கள். மூன்றாவதோடு நிறுத்தச் சொன்ன லேடி டாக்டரின் பேச்சை அண்ணா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலாவதைச் சுமந்தபோது வரைந்தீர்கள். அந்தப் பிரசவத்திலேயே குழந்தையும் நீங்களுமாகப் போய்விட்டீர்கள்.

ஆபீஸில் யாரோ படத்தைப் பார்த்துவிட்டு அண்ணாவிடம் சொல்லியிருக்கிறார்.

"லலிதா, நாளைக்கு அந்தப் படம் ஆத்துக்கு வரணும். இல்லேன்னா நீ இங்க இருக்க வேண்டாம்" என்றார் அண்ணா. அவர் சத்தம் போடாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அது மன்னி போட்டதுண்ணா."

"ஊர்ல என்ன பேசுவா? நான்தான் அவளைக் கொன்னுட்டேன்னு பேசுவா."

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ மன்னி?

மறுநாள் எடுத்துவரத்தான் கண்காட்சிக்குப் போனேன். ஆணியிலிருந்து கழற்றுவதற்காகச் சட்டத்தில் கை வைத்தபோது பின்னாலேயே அண்ணா வந்து நின்றார். சாரதாம்மா குறுக்கே வந்து மலையாளத்தில் சொன்னார்.

"சாரே, வரச்ச ஆளோடு சோதிக்காதெ தரான் பற்றில்லா." வரைந்தவரைக் கேட்காமல் தர முடியாதாம்.

"அவதான் போய்ட்டாளே" என்றார் அண்ணா.

"எங்கில் இவிடெ இருக்கட்டே." அப்படியென்றால் இங்கேயே இருக்கட்டுமாம்.

அண்ணா என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

சட்டத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவர் படத்தை ஒருதரம் பார்த்தார், பிறகு திரும்பிப் போய்விட்டார்.

நான் ஸ்ரீவராகத்தில் நம் வீட்டுக்குத் திரும்பியபோது என் டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது. இப்போது தைக்காட்டில், சாரதாம்மாவின் வீட்டில் இருக்கிறேன். ஹெட்மிஸ்ட்ரஸிடம் அண்ணா ஒரு வார்த்தை சொன்னால் வேலையும் போகும். குழந்தைகளை என் கண்ணில் காட்டாமல் செய்துவிட்டால்?

இன்று பள்ளிக்கூடத்தில் உங்கள் மூத்த பெண் ருக்கு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, அம்மா படம் போட்டாளாமே? எனக்குக் காட்டுவியா?" என்றாள்.

நாளை பள்ளி விட்டதும் அவளை அழைத்துப்போகப் போகிறேன். அதற்கு என்ன நடக்குமோ, தெரியாது. பயம் போகவில்லை மன்னி, பயத்தோடேயே போகிறேன். உங்கள் மூன்று பெண்களும் பார்க்கும்வரை, என் கையால் அந்தப் படத்தை இறக்க மாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
லலிதா