பித்தளையில் இடையின ர

மார்ச் 3, திங்கள்

மீசைக்குச் சாயம் பூசுவதில்லை என்று இன்று காலை இவ்வீட்டில் இறுதியாக முடிவெடுக்கப்பட்டது. விவாதம் இரண்டு நாள் நடந்தது. மனைவி எதிர்த்து வாக்களித்தாள், மகள் நடுநிலை. நரை அனுபவத்தைக் காட்டும் என்பது என் வாதம். வயசைக் காட்டும் என்பது அவள் வாதம். இரண்டும் ஒன்றுதான் என்பதால் நானே வென்றதாக அறிவித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை நேர்காணல். நான் வேலை பார்த்த அச்சகம் மூடிய இந்தப் பதினோரு மாதத்தில் இது ஏழாவது. முதியோருக்கு ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் செய்யும் கம்பெனி. மெய்ப்புத் திருத்த ஆள் வேண்டுமாம். கிடைத்தால் மனைவி மாலை வேலையை விடலாம். பகலில் பள்ளி அலுவலகம், அப்புறம் மருந்துக்கடையில் நிற்கிறாள். சொல்லிக்காட்டுவதில்லை. அதுதான் கஷ்டம்.

மார்ச் 5

சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

மார்ச் 6, வியாழன்

இயக்குநர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் தலைக்கு மேல் சுவர்ப் பலகையில், முழ உயரப் பித்தளை எழுத்துகளில்: ‘முதியோருக்கு என்றும் எங்கள் அக்கரை.’ வல்லின ற வரவேண்டிய இடத்தில் இடையின ர. வயதானவர்களை அக்கரை சேர்ப்பதாக ஒரு கம்பெனி இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இருபத்தாறு வருஷம் பிழை பார்த்த கண். அவர் முகத்துக்குத் திருப்பினால் ர-வுக்கே போகிறது.

“என்ன சார், மேலயே பாக்கறீங்க? ஏசி ஒழுகுதா?”

“இல்லைங்க. பலகையைப் பாத்தேன்.”

“அப்பா வச்சது. வாசகமும் அவரே எழுதினதுதான். பாத்தா ஏதாவது தோணுதா?”

சொல்லு, சொல்லு என்றது மனசு. மருந்துக்கடையில் நின்று வீங்கிய மனைவியின் கால் கண்முன் வந்தது.

“பித்தளை நல்லா பளபளன்னு இருக்குங்க,” என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அடச்சே. பிழை திருத்துற வேலைக்குப் போனவன் பிழையைப் பாத்துட்டு பித்தளையைப் பத்திப் பேசிட்டு வரேன். சோதனையா வச்சிருப்பானோ? சோதனைதான். போச்சு.

மனைவியிடம் சொன்னேன். “நான் எழுதற மளிகைச் சீட்டைக்கூட விட்டதில்லையே நீங்க,” என்றாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 10

அழைப்பு இல்லை. ஃபோன் வேலை செய்கிறதா என்று மகளை இரண்டு முறை கூப்பிடச் சொன்னேன். செய்கிறது.

மார்ச் 12, புதன்

இயக்குநரே கூப்பிட்டார். எனக்கு முன்னால் போன நாலு பேரும் உட்காருவதற்குள் பலகையில் பிழை என்றார்களாம்.

“எங்கப்பா எழுத்துலயே குத்தம் கண்டுபிடிக்கறவங்களை வச்சுக்கிட்டு நான் எப்படி சார் கம்பெனி நடத்தறது? நீங்க மரியாதை தெரிஞ்சவர். திங்கக்கிழமை வந்துடுங்க.”

மரியாதை — எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். அதில் பிழை இல்லை.

மனைவி அப்போதுதான் வீட்டுக்குள் வந்தாள். சொன்னதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “இனிமே சாயங்காலம் நான் என்ன பண்றது?” என்றாள். ரொம்ப நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச் 17, திங்கள்

முதல் நாள். நான்கு பக்க விளக்கத் தாள் ஒன்று கொடுத்தார்கள். எழுபத்திரண்டு பிழை திருத்தினேன். தலைப்பு, பலகையில் உள்ள அதே வாசகம். தொடவில்லை. ‘மெய்ப்புப் பார்த்தவர்’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். மூன்று மணிக்கு அச்சுக்குப் போயிற்று. நாற்பதாயிரம் பிரதி.