துவைத்துவிட்ட ரத்தக்கறை

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

சினிமாவில் துணி துவைக்கிற வேலையெல்லாம் ஒரு வேலையா, திரும்பி வரச் சொல் என்று உங்கள் அக்கா சொன்னாராமே. இங்கே நடந்ததைக் கேளுங்கள்.

இப்போது எடுப்பது ஒரு திருடன் கதை. பிடிக்க வந்த போலீஸ்காரிக்கே அவன்மேல் காதல். குண்டடிபட்டு அவள் மடியில் சாய்கிறான். மீதிக் காட்சி மறுநாள் என்பதால், சாயரத்தம் படிந்த சட்டையைத் துவைக்காமல் மாட்டிவைக்க வேண்டுமாம். என் கை சும்மா இருக்குமா? வெள்ளைவெளேரென்று துவைத்து இஸ்திரியும் போட்டுவிட்டேன்.

காலையில் டைரக்டர் குதித்தார். "மெஷின் மேல பழியப் போட்டுடும்மா" என்று மேக்கப்காரர் காதைக் கடித்தார். நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"நான்தான் சார் தொவச்சேன். சாயத்தக் குடுங்க, அதே கறைய நானே போட்டுத் தர்றேன்" என்றேன்.

ஒரு மணி நேரம் கையால் தேய்த்தவளுக்குத் தெரியாதா, அது எங்கே தொடங்கி எங்கே முடிந்ததென்று? முந்தைய நாள் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு புள்ளிகூட மாறவில்லை; அதே சட்டையோடு மீதிக் காட்சியை எடுத்தார்கள்.

அக்காவிடம் சொல்லுங்கள், படம் முடியாமல் வரமாட்டேன்.

பாப்பாவின் பள்ளிக்கூட போட்டோ ஒன்று அனுப்புங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றும் வேண்டும். வேன் வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள். அந்தச் சட்டையை மட்டும் துவைத்துவிடாதீர்கள். கழற்றியது கழற்றியபடியே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா