இடது பக்கத்து மூன்று ஓட்டைகள்

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிக்கூட அரங்கத்துக்கான திரைச்சீலை ஒருவழியாக முடிந்தது. பதினாறு பட்டை, மெரூன் நிறம், கனமான துணி. முதுகு விட்டுப்போய்விட்டது. மூட்டைகளை வேனில் ஏற்றிவிட்டுப் பின்கதவைச் சாத்தும்போதுதான் கவனித்தேன் — கதவின் இடது பக்கம் அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. இவரிடம் சொன்னேன். "கதவு நேராத்தான் இருக்கு. உன் கண்ணுதான் கோணல்" என்றார்.

இருபது வருடமாக ஊரார் ஜன்னலுக்கெல்லாம் நூல் பிடித்து நேர் பார்க்கிற கண். கோணலாம்.

மார்ச் 5, புதன்

அளவு நாடாவால் அளந்தேன். கண் கோணல் இல்லை.

மார்ச் 8, சனி

மெக்கானிக்கிடம் போனோம். வேனை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தார். வண்டியின் பாரம் முழுவதையும் இரண்டு நீள இரும்புச் சட்டங்கள்தான் தாங்குகின்றனவாம். சேஸிஸ் என்பது அதுதான். வலது சட்டம் டங் என்றது. இடது சட்டம் பொத் என்றது. அடுத்து முனையால் ஒரு குத்து. ஸ்க்ரூடிரைவர் உள்ளேயே போய்விட்டது.

"உள்ளேர்ந்து துரு அரிச்சிருக்கு. வெளியில பெயின்ட் மட்டும்தான் நிக்குது. ஏதாவது ஒரு வேகத்தடையில வண்டி ரெண்டா மடங்கிடும். ஓட்டாதீங்கண்ணே."

இவருக்கு முகம் செத்துப்போனது. எங்களுக்கு ஒரே மகள், வெளியூரில் படிக்கிறாள். இந்த வேனுக்கு இவர் வைத்திருக்கும் பெயர் 'சின்னவள்'. ஒன்பது வருடமாக வாரம் தவறாமல் குளிப்பாட்டு. வருடத்துக்கு ஒரு தடவை அடியில் படுத்துத் தன் கையாலேயே கறுப்பு பெயின்ட். மகள் ஃபோனில், "என்னை ஒரு நாளாவது இப்படி தேய்ச்சுக் குளிப்பாட்டியிருக்காராம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்கு வரவில்லை.

வேன் இல்லையென்றால் கடை இல்லை. நான் தைப்பதை இவர் கொண்டுபோய் மாட்டினால்தான் பிழைப்பு.

மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தன் வந்தார். "ஓட்டையில பட்டி வெச்சு, மேல ஒரு கோட் பெயின்ட் அடிச்சு, யார் தலையிலாவது கட்டிடுங்க அண்ணி" என்றார். அந்தத் தலைக்குச் சொந்தக்காரனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்குமே என்றேன். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மார்ச் 12, புதன்

வேன் கம்பெனிக்கு ஃபோன் செய்தோம். இவர்தான் பேசினார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். நடுவில் அந்தக் கம்பெனிப் பெண், வண்டியை எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், மனிதருக்கு வாயெல்லாம் பல். "பெத்த பிள்ளை மாதிரிம்மா! வருஷா வருஷம் அடியில நானே பெயின்ட் அடிக்கிறேன். ஒரு இடம் விடமாட்டேன், சந்து பொந்தெல்லாம் அடிச்சிடுவேன்!"

மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் எனக்கே கேட்டது.

பக்கத்துத் தெரு பிளம்பர் தம்பியிடமும் இதே கம்பெனி, இதே வருடத்து வேன்தான். கடைக்கு வேண்டும்போது எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷன்.

மார்ச் 21, வெள்ளி

கம்பெனியிலிருந்து கடிதம். 'சேஸிஸ் சட்டங்களில் தண்ணீர் வடிவதற்கான துளைகள் உண்டு. தாங்கள் ஆண்டுதோறும் பூசிய வண்ணப்பூச்சு அத்துளைகளை அடைத்ததால் உள்ளே நீர் தேங்கித் துரு ஏற்பட்டுள்ளது. எனவே பொறுப்பு தங்களுடையது.'

இவர் அதை இரண்டு தடவை படித்தார். மடித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 22, சனி

சரியாகச் சாப்பிடவில்லை. "நான்தான் கெடுத்துட்டேன். ஒரு இடம் விடாம நான்தான் அடைச்சேன்" என்று ஒரே பாட்டு. பெயின்ட் டப்பாவைப் பரண்மேல் தூக்கிப் போட்டார், பிரஷைக் குப்பையில் போட்டார். பிரஷை நான் எடுத்துத் தையல் மெஷின் டிராயரில் ஒளித்து வைத்தேன்.

யாராவது ஏமாத்தினா கோபப்படலாம். ஆசையா பாத்துக்கிட்ட மனுஷனைப் பாத்து உன் ஆசைதான் கெடுத்துச்சுன்னு எழுதியிருக்கானே, அவனை என்ன செய்யறது? வேன் போனால் போகட்டும். இவர் இப்படி உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

தற்காலிகமாக ஒரு தகடு வைத்து ஒட்டினால் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தவாவது முடியும், தகடு வெட்ட அளவு வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். இடது சட்டம்தான் பாதி உதிர்ந்துகிடக்கிறதே, அதில் எப்படி அளவு எடுப்பது? சட்டைக் கைக்குச் செய்வதைச் செய்தேன். வலது கைக்கு வெட்டிய அளவுத் தாளைத் திருப்பிப் போட்டால் அதுதான் இடது கை. ஆகவே பிரவுன் பேப்பர், பென்சில், டார்ச் சகிதம் வேனுக்கு அடியில் போய், நன்றாக இருக்கிற வலது சட்டத்தின் அடிப்பக்கத்தில் தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்துக்கொண்டே போனேன். மூன்று இடத்தில் தாள் பொத்துக்கொண்டது.

தாளை எடுத்துப் பார்த்தால், மூன்று ஓட்டை. விளிம்பெல்லாம் இவர் அடித்த பெயின்ட், ஆனால் ஒன்றுகூட அடைபடவில்லை. சுண்டுவிரல் தாராளமாகப் போகிறது.

தாளைத் திருப்பி இடது சட்டத்தில் வைத்தேன். முதல் ஓட்டை வரவேண்டிய இடம் துருவில் உதிர்ந்துவிட்டது. மற்ற இரண்டு இடமும் உறுதியாக இருந்தன. பெயின்டைச் சுரண்டினேன். இரும்பு. இன்னும் சுரண்டினேன். பளபளவென்று இரும்பு. ஓட்டையே இல்லை! அடைப்பதற்கு அங்கே ஓட்டையே போடவில்லை!

"என்னங்க!" என்று கத்திக்கொண்டே எழுந்ததில் சைலன்சரில் தலையை இடித்துக்கொண்டேன். இவர் பதறி ஓடிவந்தார். "ஒரே பெயின்ட், ஒரே பிரஷ், ஒரே ஆளு. வலது பக்கம் அடைக்காத பெயின்ட் இடது பக்கம் மட்டும் எப்படிங்க அடைக்கும்?" என்றேன்.

அடியில் படுத்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. துரு விழுந்துவிட்டதாம்.

இரவு வழக்கமான மூன்று தோசைக் கணக்கெல்லாம் இல்லை, வைத்ததை எல்லாம் சாப்பிட்டார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

பிளம்பர் தம்பி வேனிலும் இடது பக்கம் ஓட்டை இல்லை. தட்டினால் பொத் என்கிறது. அதில்தான் தினமும் தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் கொண்டுவிடுகிறார். அதே வண்டியில்தான் நானும் மூட்டை மூட்டையாகத் திரைச்சீலை ஏற்றியிருக்கிறேன். அவர் சாவியை எடுத்துத் தன் மனைவி கையில் கொடுத்தார். "நான் கேட்டாலும் தராத" என்றார்.

இனி இது எங்கள் வீட்டுச் சமாசாரம் மட்டும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கம்பெனிக்கு அளவுத் தாளின் நகலோடு எழுதினோம். 'ஒன்றிரண்டு வண்டிகளை வைத்து முடிவு செய்ய இயலாது' என்று ஒரே வரியில் பதில். அப்படியா? எத்தனை வேண்டுமாம்?

சந்தைக்குப் பின்னால் வேன்கள் நிற்கிற இடத்துக்குப் போனோம். நான் அடியில், இவர் காவல். ரொட்டி வேன்காரரிடம் அனுமதி கேட்கும் முன்பே அவசரப்பட்டுப் படுத்துவிட்டேன். அவர் வந்து பார்த்தால் தன் வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள்! "ஐயோ, யாரோ பொம்பளை அடிபட்டுக் கிடக்கு!" என்று அலறிவிட்டார். "அதெல்லாம் இல்லைங்க, என் சம்சாரம்தான். அளவெடுக்குது" என்று இவர் விளக்கினார். ரொட்டிக்காரர் இன்னும் பயந்துபோனார். பிறகு அவரே எனக்கு டார்ச் பிடித்தார். கிளம்பும்போது ஒரு ரொட்டி கொடுத்தார்.

ஏப்ரல் 17, வியாழன்

இதுவரை பதினான்கு வேன். எங்கள் வண்டி வந்த அதே வருடத்து வண்டிகள் ஒன்பது. ஒன்பதிலும் இடது பக்கம் ஓட்டை இல்லை. அடுத்த வருடம் வந்த ஐந்திலும் இருக்கிறது.

அப்படியென்றால் கம்பெனியில் யாரோ கவனித்திருக்கிறார்கள். கவனித்து, புது வண்டியில் ஓட்டையைப் போட்டுவிட்டு, பழைய வண்டிக்காரர்களிடம் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது வருஷம்! எத்தனை பேர் எத்தனை பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போயிருப்பாங்க! தலையிலடித்துக்கொண்டேன். பிறகு போக்குவரத்துப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மனு எழுதினேன். ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மே 6, செவ்வாய்

அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார், கூடவே கம்பெனி இன்ஜினியர் ஒருவரும். ஆய்வாளர் ஒரு கருவிப்பெட்டியே கொண்டுவந்திருந்தார். ஆனாலும் என் பிரவுன் பேப்பரைக் கேட்டு வாங்கி, அதையே பிடித்துக்கொண்டு மூன்று வேனுக்கு அடியில் படுத்தார். எழுந்து, "இதை யாரும்மா வரைஞ்சது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் இவர், "என் வீட்டம்மா சார். திரைச்சீலை தைக்கறவங்க. அரை அங்குலம் இறங்கினாக்கூடக் கண்டுபிடிச்சிடுவாங்க" என்றார்.

கோணல் கண் என்று சொன்ன வாய்! போகட்டும், மன்னித்தேன்.

தாளைத் திருப்பி வாங்கிப் பத்திரப்படுத்தினேன். என் அளவுத் தாளில் யாரும் கத்தரி வைக்கக் கூடாது என்பது வீட்டில் சட்டம். ஒரு தடவை இவர் ஒன்றை வெட்டி அலமாரித் தட்டில் விரித்துவிட்டார். நான்கு நாள் நான் பேசவில்லை.

ஜூன் 12, வியாழன்

ரீகால்! அந்த வருடத்து வேன்கள் அத்தனையையும் கம்பெனி திரும்ப வரவழைத்து, சேஸிஸை மாற்றித் தரவேண்டும். அறிவிப்பின் முதல் வரி: 'உற்பத்தியின்போது இடது சட்டத்தில் வடிகால் துளைகள் இடப்படவில்லை.'

இவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்தார். மூன்று மாதமாகச் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது. அதை நாலாகக் கிழித்துவிட்டு, "ஒரு காபி போடேன்" என்றார்.

போட்டேன். சர்க்கரை கூடவே போட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

வேனைத் தூக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருமுனை திரும்பும்வரை கையாட்டிக்கொண்டு நின்றார். மகளை விடுதியில் விட்ட அன்றுகூட இப்படி நிற்கவில்லை. இதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

ஆகஸ்ட் 9, சனி

சின்னவள் வந்துவிட்டாள். பின்கதவில் நூல் பிடித்துப் பார்த்தேன். நேர்.

பிளம்பர் தம்பி வேனும் வந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்திக்கொண்டு போயின.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் மெஷினில் உட்கார்ந்தால் சுவரில் மாட்டியிருந்த அளவுத் தாளைக் காணோம். வேனில் அளவெடுத்த அதே தாள். மேஜையில் கத்தரியும், ஓரமாக வெட்டிப் போட்ட துண்டுகளும். எனக்கு வந்ததே கோபம்! வாசலுக்குப் போனேன். வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பரண்மேல் கிடந்த பெயின்ட் டப்பா பக்கத்தில் திறந்திருந்தது.

"என் தாள் எங்கே?"

"இங்கதான் இருக்கு. திட்டறதா இருந்தா குனிஞ்சு பாத்துட்டுத் திட்டு."

குனிந்தேன். வலது சட்டத்தில் மூன்று ஓட்டை, இடது சட்டத்தில் மூன்று ஓட்டை. ஆறிலும் என் பிரவுன் பேப்பரைச் சுருட்டி, பென்சில் கோடு தெரிய, தக்கை மாதிரி செருகியிருந்தார். அதைச் சுற்றிப் பழைய துணியால் பெயின்டை ஒற்றிக்கொண்டிருந்தார்.

"காஞ்சதும் எடுத்துடுவேன். ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதில்ல?" என்றார். "துணியில சரியா வரலை. பிரஷைத்தான் அன்னிக்குத் தூக்கிப் போட்டுட்டேன்."

உள்ளே போய் மெஷின் டிராயரைத் திறந்து அந்தப் பழைய பிரஷை எடுத்துவந்தேன். நான்கு நாள் பேசாமல் இருக்க இன்று நேரமில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடது பக்கத்தில் நானும் படுத்தேன்.