கொதிக்காத நீலம்

பாய்,

இன்று காலை மருமகள் ஊற வைத்திருந்த பாதாம் பிசின் கிண்ணம் நிறையப் பொங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் உக்கடத்தில் இருந்த உங்கள் சர்பத் கடை கண்ணுக்குள் வந்துவிட்டது. நீங்கள் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் பிடித்தது.

தொண்ணூறுகளின் நடுவில், கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் என் தோட்டத்துத் தொட்டிகளில் ஸ்பைருலினா என்கிற சுருள்பாசி வளர்த்தேன். விவரம் கேட்கப் போன விவசாய ஆபீஸில், "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு உட்காரக்கூடச் சொல்லவில்லை. அதை இன்றும் நான் மன்னிக்கவில்லை. பாசி செழித்தது. காய்ந்த பாசியிலிருந்து நீலத்தைப் பிரிப்பதுதான் கைவரவில்லை. ஆர்.எஸ்.புரத்து மிட்டாய்க்காரர் ஒருவர் மிட்டாய்க்கு நிறமேற்ற அந்த நீலத்தைக் கேட்டு, வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காட்டாவிட்டால் தொட்டிகளை இடித்துவிட்டுச் சோளம் விதைப்பதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

இருபது வருடம் சாயப்பட்டறையில் நின்றவன் நான். சாயம் என்றால் கொதிக்க வேண்டும். மூன்று முறை கொதிக்க வைத்தேன். மூன்று முறையும் கீரை வெந்த தண்ணீர்தான்.

புதன்கிழமை வந்து எட்டிப் பார்த்தீர்கள். "ஏனுங்ணா, ரசமா வெக்கறீங்க? மொளகு தட்டிப்போட்டீங்களா?"

"சர்பத் கலக்கறவருக்குச் சாயத்தைப் பத்தி என்னங்க தெரியும்?"

"ஒண்ணுந் தெரியாதுங்ணா. பிசின நான் அடுப்புல வெக்கறதில்லீங்க. அது மட்டுந்தான் தெரியும்."

ஒரு கைப்பிடி பாசியை மண்பானைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிட்டீர்கள். மறுநாள் காலை பானைக்குள் அப்படி ஒரு நீலம்! டம்ளரில் ஊற்றி வெயிலில் சாய்த்தால் ஓரத்தில் சிவப்பு மினுங்கியது.

மிட்டாய்க்காரர் டம்ளரைத் தூக்கிப் பார்த்து, "யாருங்க இந்த வழியக் கண்டுபிடிச்சது?" என்றார்.

என்ன ஆச்சென்று பார்க்க நீங்களும் வந்து பக்கத்தில்தான் நின்றிருந்தீர்கள். "நாந்தானுங்க" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரிடம் திரும்பி, "அண்ணன் கைராசி அப்படிங்க" என்றீர்கள்.

அதன்பின் தொட்டிகள் எட்டாகப் பெருகின. எத்தனையோ தடவை சேர்ந்து டீ குடித்தோம். ஒருநாளும் நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டியவன் நான்தான்.

போன வாரம் பாசி வளர்ப்பைக் கற்றுக்கொள்ள ஒரு பெண் வந்திருந்தாள். நான் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள். நீலம் எடுக்கும் இடம் வந்ததும், அவள் கேட்காமலே, "இது என்னோட வழியில்லீங்க அம்மணி. உக்கடத்துல சர்பத் கடை வெச்சிருந்த பாய் காட்டுனது. அதையும் எழுதிக்கங்க" என்றேன். அவள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். மனசு லேசாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் பாய், நான்காவது தடவை நானே கண்டுபிடித்திருப்பேன்.