தகவல் சொல்லி அனுப்புறோம்

ஜூன் 2, திங்கள்

கத்திரி முடிந்தும் வெயில் விடவில்லை. கடற்கரைச் சாலைக் கல்லூரியில் கடல் உயிரியலுக்கு நேர்முகம். அப்பா ஓட்டுவது அணுபுரம் ஸ்கூல் வேன், இன்று பள்ளி திறப்பு. அதனால் அம்மா துணை. முட்டுக்காட்டுக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கினோம். கடல் காற்றில் நான் வாரிய தலையெல்லாம் வீண்.

உள்ளே மூன்று பேர். நடுவில் நரைத்த முடி மேடம். "உங்க ஊர்ல கடலே இல்லியே, எதுக்கும்மா இந்தப் படிப்பு?" ஜனவரியில் மாமல்லபுரம் கரையில் செத்து ஒதுங்கிய ஆமைகளை டேப் வைத்து அளந்ததைச் சொன்னேன். நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். மற்றவர்களுக்குப் பத்து நிமிடம். எனக்கு அரை மணி!

கிளம்பும்போது மேடம் சொன்னது, அப்படியே: "ரொம்ப நல்லா பேசினம்மா. உன்ன மாதிரி பசங்கதான் வரணும். தகவல் சொல்லி அனுப்புறோம்."

வெளியே ஓடிவந்து அம்மாவிடம் ஒப்பித்தேன். அம்மா முகம் சுருங்கிவிட்டது.

"சொல்லி அனுப்புறோம்னா சொன்னாங்க? எப்ப வந்து சேருறன்னு கேக்கல?"

"கேக்கல."

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் சீட்டைக்கூட எனக்கே கொடுத்தாள். அதுதான் பயமாக இருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

கத்தரிக்காய் அரிந்துகொண்டே அம்மா விஷயத்தை உடைத்தாள். அக்காவைப் பெண் பார்க்க இதுவரை ஆறு வீடு. குறை சொன்ன வீடு ஒன்றுதான்: "பொண்ணு கொஞ்சம் கருப்பு." அவர்கள்தான் ரெண்டு தடவை திரும்பி வந்து கேட்டார்கள். அப்பா கோபத்தில் முடியாது என்றுவிட்டார். மற்ற ஐந்தும் வாயாரப் புகழ்ந்தவை. கடைசியாக வந்த மதுராந்தகத்துக்காரர்கள் கேசரியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "மகாலட்சுமி மாதிரி கீது பொண்ணு, சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள். போனவர்கள்தான்.

"வேணும்னு நெனைக்கறவன் நோண்டி நோண்டி கேப்பான். வேணாங்கறவன்தான் நல்லா சொல்லிட்டு எழுந்துப்பான். அஞ்சு வாட்டி பாத்துட்டேன்டி."

எதிர்வாதம் செய்தேன். அம்மா அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள்.

ஜூன் 4, புதன்

மெயில் பார்த்தது: காலை 4 தடவை, மதியம் 6.

நல்லதுக்கு: அரை மணி. நோட்டைக் கேட்டது. மேடம் சிரித்தது.
கெட்டதுக்கு: "உன்ன மாதிரி" என்றார், "நீ" என்று சொல்லவில்லை. ஓர ஆள் கடிகாரம் பார்த்தார். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் (வைத்துக்கொள்வார்களா என்ன? தெரியாது). மூணாவது ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பா: "அவ்ளோ நேரம் பேசிகினு இருந்தாங்கன்னா புடிச்சிதான?"
அம்மா: "மதுராந்தகத்துக்காரங்க ரெண்டு மணி நேரம் குந்திகினு இருந்தாங்க."
அப்பா எழுந்து வேன் துடைக்கப் போய்விட்டார்.

சாயங்காலம், இன்னொரு அப்ளிகேஷன் போட்டிருந்த செங்கல்பட்டு பைபாஸ் கல்லூரியிலிருந்து போன். பி.காம். சீட். வெள்ளிக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு.

ஜூன் 5, வியாழன்

புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டி, வராமல் போனது.

சிறுசேரி ஆபீஸ் கேபுக்குக் காத்திருந்த அக்கா: "இன்னா பேஜாரு இது? அந்த மேடத்துக்கு ஒரு மெயில் போட்டு கேளேன்."

அம்மா உள்ளேயிருந்து: "நாமளே போயி கேட்டா கொறச்சலா பூடும். யாரும் கேக்க வேணாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கேட்டிருக்கலாம். போன் என் கையில்தான் இருந்தது. இல்லை என்று பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் கேட்கவில்லை. பழியை அம்மா மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஜூன் 6, வெள்ளி

பைபாஸ் கல்லூரியில் கொடுத்தாயிற்று. டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ். கிளார்க் ஒவ்வொன்றாகப் பஞ்ச் செய்து நாடா கட்டினார். ஒவ்வொரு ஓட்டையையும் நான் எண்ணினேன். அம்மா மட்டும் இந்த வாரத்தில் முதல் தடவையாகக் காபி முழுசாகக் குடித்தாள்.

ஜூன் 7, சனி

காலை 10.40. மெயில்.

தேர்வு. பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. திங்கள் மாலை நாலுக்குள் ஒரிஜினலோடு நேரில் வர வேண்டும். கீழே மேடம் தனியாக ஒரு வரி: ஆமை நோட்டை மறக்காமல் கொண்டுவா.

அக்காதான் சத்தமாக வாசித்தாள். வாசித்து முடித்து போனை மேஜைமேல் வைத்தாள்.

"அம்மா, மதுராந்தகத்துக்கு நாம ஒரு போன் போட்டிருந்தா?"

அம்மா எழுந்தாள். அடுப்பில் ஒன்றுமில்லை, ஆனாலும் சமையலறைக்குள் போனாள். அக்காவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்றும் இன்றும் ஆபீஸ் லீவு. இரண்டு கல்லூரிக்கும் போன். மணி மட்டும் அடிக்கிறது.

ஜூன் 9, திங்கள்

அப்பா வேனை வேறு டிரைவரிடம் விட்டுவிட்டு வந்தார். பைபாஸ் கல்லூரி வாசலில் ஒன்பதுக்கே நின்றோம். பிரின்சிபால் வந்தது ஒன்றே முக்காலுக்கு. இங்கிருந்து கடற்கரைச் சாலைக்கு எப்படிப் போனாலும் ஒன்றரை மணி நேரம்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "சார், பொண்ணுக்கு வேற எடத்துல கெடச்சிகீது. ஒரிஜினல் மட்டும் குடுத்தீங்கன்னா..."

பிரின்சிபால் என் ஃபைலை எடுத்துவரச் சொன்னார். நாடாவை அவிழ்த்தார். எனக்குள் ஏதோ துள்ளியது. மார்க் ஷீட்டை நிதானமாக, மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கோபமே இல்லாமல் சிரித்தார்.

"உயிரியல்ல தொண்ணூத்தேழு. பேச்சும் மரியாதையா கீது. பொண்ண நல்லா வளத்துகிறீங்க. இப்படி ஒரு பொண்ண யாராவது வுடுவாங்களா?"

நாடாவை மறுபடி இறுக்கிக் கட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினார்.