என்னிடம் மட்டும் நீ சொன்னது

இன்று காலை சேப்பலில், எனக்கு முன் பெஞ்சில் ஒரு மாணவி நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டாள். அந்த வாசனை வந்ததும் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். உனக்குத் தலைவலி வந்தால் நம் விடுதி அறை முழுக்க இந்த வாசனைதான். அறையின் எண் எனக்கு மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

நாம் படித்த அதே பல்கலைக்கழகத்தில்தான் இப்போது இறையியல் சொல்லித்தருகிறேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ‘ஆவிக்குரிய வளர்ச்சி’ என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை நடத்துவது நான்தான். கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

நான் சிட்லபாக்கத்தில் டீச்சர் வீட்டுப் பெண். நீ பெரும்பாக்கம் குடியிருப்பில் ஆறாவது மாடி. தாம்பரத்தில் விடுதிக்கு வந்த முதல் நாளே என் பெட்டியை எட்டிப் பார்த்து, “இன்னாடி, பைபிளே மூணு கீது? ஒண்ணு எனக்குக் குடு” என்றாய். கொடுத்தேன். பாடகர் குழுவில் உன் குரல் எழும்பினால் நாங்கள் எல்லோரும் தானாகவே குரலைத் தணித்துக்கொள்வோம்.

இரண்டாம் ஆண்டில் உன் அம்மா இறந்துபோனார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தாய். ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

“அம்மா செத்ததுலேர்ந்து ஜெபமே வரமாட்டேங்குதுடி. வாய் பாடுது, உள்ள ஒண்ணும் இல்ல. ஆண்டவர் கீறாரான்னே தெர்ல. யாராண்டயும் சொல்லிடாத.”

“ச்சீ, சொல்லுவேனா?” என்றேன்.

அந்த வாரம் ஜெபக்குழுவுக்குப் புதுத் தலைவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். குழுவை நடத்திய அக்கா, நமக்கு மூத்த மாணவி, “யாருக்காகவாவது ஜெபிக்கணும்னு மனசுல பாரம் இருக்கா?” என்று கேட்டபோது நான் எழுந்தேன். உன் பெயரைச் சொன்னேன். நீ சொன்னது அத்தனையையும் சொன்னேன். அழுதேன். பொய் அழுகை இல்லை அது. ஆனால் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்பது அழும்போதே எனக்குத் தெரிந்தது.

நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய்.

உன்னை நடுவில் முழங்கால்படியிடச் சொன்னார்கள். இருபது பேர் உன் தலையிலும் தோளிலும் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தோம். “அவிசுவாசத்தின் ஆவியே, இவளை விட்டுப் போ!” என்று அக்கா கத்தினார். என் கைக்குக் கீழே உன் தோள் இறுகியது. நான் கையை எடுக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் அக்கா உன் கன்னத்தைத் தட்டி, “மனசு சரியாகற வரைக்கும் க்வையர்ல பாட வேண்டாம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார்.

வெளியே வந்து நீ என்னைத் திட்டியிருக்கலாம். “உன்னாண்டதானடி சொன்னேன்” என்றாய், அவ்வளவுதான். மறுநாள் வேறு அறைக்கு மாறிவிட்டாய். அடுத்த வாரம் என்னைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

படிப்பு முடியும்வரை நீ பாடவே இல்லை. மன்னிப்புக் கேட்கப் பல முறை உன் அறை வாசல்வரை வந்தேன். பல முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இரண்டே முறைதான்.

போன மழைக்காலத்தில், காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்தது. நான் பெரும்பாக்கம் வந்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. கதவைத் திறந்த உன் தங்கை, நான் யார் என்று சொன்னதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“ரூம்மேட்டு அக்காவா? உங்கள பத்தி சொல்லிக்கினே இருக்கும். ரொம்ப நல்லவங்கன்னு.”

நீ உன் வீட்டில் எதையுமே சொல்லவில்லை.

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஆஸ்பத்திரிக்குப் பாஸ்டர் வந்தாருக்கா. தலையில கை வெக்கவே வுடல. ஜெபம் வேணான்னு சொவுத்துப் பக்கம் திரும்பிக்கிச்சு. இன்னா கோவமோ தெர்ல. எங்கக்கா பரலோகத்துக்குப் போயிருக்குமா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.”

“கண்டிப்பா போயிருப்பா” என்றேன். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க சொன்னப்புறம்தான் நிம்மதியா கீதுக்கா” என்றாள். நிறுத்திக்கொண்டேன். ஜெபம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோன் செய்கிறாள். வீட்டுக்காரரைப் பற்றி, வேலை இடத்தில் படும் பாட்டைப் பற்றி, வேறு யாரிடமும் சொல்லாததையெல்லாம் என்னிடம் சொல்கிறாள். எதையும் நான் வெளியே விட்டதில்லை. உன்னை நான் என்ன செய்தேன் என்பதை இந்த வாரமாவது அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாராவாரம் நினைக்கிறேன். சொன்னால் என்னை நல்லவள் என்று நம்ப ஒருத்தியும் இருக்கமாட்டாள். அந்த நம்பிக்கையும் நீ அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனதுதான். அதை விட மனசு வராமல், ஃபோன் அடித்ததும் எடுத்து, “சொல்லும்மா” என்கிறேன்.