ஒரே கம்பியில் இரண்டு பல்புகள்

1946 நவம்பர் 3, ஞாயிறு. மந்தைவெளி.

இன்று நம் வீட்டில் முதன்முதலாகக் கரண்ட் விளக்கு எரிந்தது. அப்போது இருந்தவர்கள்: மகன் சவரிமுத்து, மருமகள் பிலோமினா, பேத்தி ரெஜினா, ஒயர்மேன் நாகராஜ், எதிர்வீட்டுத் தேவானை, நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே போய் நின்றேன். ரெஜினாவின் ஞானஸ்நானத்தன்று எல்லாருக்கும் நாற்காலி போட்டு எனக்கு மட்டும் போடாதவள்தானே பிலோமினா.

கூடத்தில் ஒரு பல்பு. பின்கட்டில் என் அறைக்கும் அதே அளவில் ஒன்று. ஜன்னல் இல்லாத அறை, பகலிலேயே ஊசி கோக்க முடியாது. இரண்டுமே மங்கலாகத்தான் எரிகின்றன. "இந்தப் பக்கம் கரண்ட்டு கம்மிம்மா" என்றான் சவரிமுத்து. இருக்கட்டும். எழுத எனக்கு இது போதும்.

நவம்பர் 5

அவர்கள் கூடத்தில் அணைத்தால் என்னுடையதும் அணைகிறது. பாதி ஜெபமாலையில் இருட்டு.

நவம்பர் 11, திங்கள்

ரெஜினாவைப் பெண் பார்க்க வரும் ஞாயிறு வருகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வெந்து நாட்கள் தொடங்குவதற்குள் பேசி முடிக்க வேண்டுமாம். பையன் அந்தோணிராஜ், எலெக்ட்ரிக் இன்ஜினீர் படிப்பில் சேர்ந்திருக்கிறான். இதைத் தேவானை சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

நவம்பர் 16, சனி

கூடம் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று பிலோமினா பெரிய பல்பு வாங்கி வந்து மாட்டினாள். போட்டால் — உள்ளே கம்பி மட்டும் சிவந்து கிடக்கிறது. வெளிச்சமே இல்லை. என் அறையில் இருக்கும் சின்னப் பல்போ பட்டப்பகல் மாதிரி!

பிலோமினா வாசலில் வந்து நின்று கத்தினாள். "பாரு, இன்னா ஜோரா எரியுது பாரு! அத்தே, ஒங்க ரூமே எல்லாத்தையும் இழுத்துக்குது."

"நான் இன்னாடி பண்ணேன்? உக்காந்துக்கினுதானே கீறேன்?"

"நாளைக்கு அவுங்க வரங்காட்டியும் இத்த கழட்டிடுவேன். ஆமா."

விளக்கு எப்படியடி இழுக்கும்? நான் என்ன உறிஞ்சியா குடிக்கிறேன்? சவரிமுத்து பக்கத்திலேயே நின்றான். உத்தரத்தைப் பார்த்தான்.

நவம்பர் 17, ஞாயிறு

சவரிமுத்து அவர்களை அழைத்துவர டிராம் நிறுத்தத்துக்குப் போயிருந்தான். பொழுது சாய்ந்ததும் பிலோமினா ஸ்டூலைப் போட்டு ஏறி என் பல்பைக் கழற்றினாள். கழற்றிய நொடியில் கூடத்திலும் இருட்டு. "ஐயோ, மாதாவே!" என்று அலறினாள். ரெஜினா ஓடிவந்தாள், தேவானை ஓடிவந்தாள். இந்த அறையில் மூன்று பேர் ஒன்றாக நின்று எத்தனை காலம் ஆகிறது! அந்த நேரம் பார்த்து வாசலில் மாப்பிள்ளை வீட்டார்.

அந்தோணிராஜ் சிரித்தான். ஒல்லிப் பையன், குரல் கணீரென்று இருக்கிறது. பின்கட்டிலிருந்தே ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "ரெண்டு பல்பையும் ஒரே கம்பில மாலை மாதிரி கோத்துக்கீறாங்க. ஒண்ணைக் கழட்டுனா பாதை அறுந்துபோச்சு, இன்னொண்ணும் எரியாது."

"அப்ப பெரிய பல்பு ஏன் தம்பி மங்குது?" என்றாள் பிலோமினா.

"கோத்த கம்பில ஓடுற கரண்ட்டு எங்கயும் ஒரே அளவுதான். எதுல தடை ஜாஸ்தியோ, அதுதான் கரண்ட்டைத் தள்ளுற அழுத்தத்துல பெரிய பங்கை எடுத்துக்கும். சின்ன பல்புலதான் தடை ஜாஸ்தி. முன்ன ரெண்டும் ஒரே அளவா இருந்துச்சா? ஆளுக்குப் பாதி. அதான் ரெண்டும் அழுது வடிஞ்சிருக்கும்."

பிறகு இரண்டு பல்புகளையும் இடம் மாற்றி மாட்டச் சொன்னான். கூடத்தில் சின்னது, எனக்குப் பெரியது. கூடம் பளிச்சென்று ஆயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். என் தலைக்கு மேல் சிவந்த கம்பி.

அவர்கள் காபி குடித்தார்கள். ரெஜினா பாடினாள். நான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

புறப்படும்போது அந்தோணிராஜ் பெரிய பல்பு எப்படி எரிகிறது என்று பார்க்க எட்டிப்பார்த்தான். பல்பைத்தான். என்னையல்ல.

"ஐயோ, இங்க ஆளு கீறாங்களா? நீங்க யாரு ஆயா?"

"பொண்ணோட ஆயாதான்."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. கூடத்துக்குத் திரும்பி, "ரெண்டுக்கும் தனித்தனி பாதை இழுங்க மாமா. ரெண்டுக்கும் முழு அழுத்தம் கெடைக்கும். ஒண்ணு அணைஞ்சாலும் இன்னொண்ணு எரியும்" என்றான். வருங்கால மாப்பிள்ளை சொல்லிவிட்டான் அல்லவா, சவரிமுத்து உடனே தலையாட்டினான்.

நவம்பர் 20, புதன்

நாகராஜ் வந்து தனிக் கம்பி இழுத்தான். என் சுவரில் எனக்கென்று ஒரு சுவிட்சு. வீட்டில் வேறு யாரும் இல்லை. கேட்டேன்.

"இன்னாத்துக்குடா நைனா மொதல்ல அப்படிக் கோத்தே?"

"என்ன ஏன் ஆயா வைய்யிற? ரெண்டும் மங்கும்னு அப்பவே சொன்னேன். 'பில்லு கம்மியா வருமா?'ன்னாரு ஒன் மவன். வரும்னேன். 'அப்ப அதே போதும், கெழவிக்கு இன்னாத்துக்கு வெளிச்சம்? நான் அணைச்சா அவளுதும் அணையணும்'னாரு."

அப்படியென்றால் சனிக்கிழமை அவள் என்னைத் திட்டும்போது — அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உத்தரத்தைப் பார்த்தான்.

நவம்பர் 28

ரெஜினாவுக்கு நிச்சயமாகிவிட்டது. கல்யாணம் பொங்கல் கழித்து.

டிசம்பர் 14, சனி

விளக்கு நன்றாக எரிகிறது. ஊசி கோக்க முடிகிறது. அணைக்கச் சொல்லக்கூட யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை.

சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, என் பல்பை நானே கழற்றினேன். இருட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். கூடத்தில் விளக்கு ஆடக்கூட இல்லை. பேச்சு, சிரிப்பு, தட்டுச் சத்தம். அன்று கழற்றியபோது இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

நானே திரும்ப மாட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 21, சனி

கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யச் சாந்தோம் போனேன், தனியாக. எல்லாரையும் மன்னித்தாயா என்று சாமியார் கேட்டார். பிலோமினாவை மன்னித்தேன், கம்பி கோத்த விஷயம் அவளுக்குத் தெரியாது. நாகராஜை மன்னித்தேன், அவன் சொன்னதைச் செய்தவன். பல்பைப் பார்க்க வந்த பிள்ளையையும் மன்னித்தேன். இன்னும் யாராவது உண்டா என்றார். இல்லை சாமி என்றேன்.

உண்டு. சவரிமுத்து.